சட்டத் தகவல் மேசைக்கு யார் பணம் தருவது? – வாசகர் கேள்வி பதில்

சேலம் குகைப் பகுதியில் ஒரு படிப்பகத்தின் முன்னறையில், வாரத்துக்கு மூன்று மாலைகள், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இயலாதவர்களுக்குச் சட்டத் தகவல் சொல்லும் ஒரு மேசையை நாங்கள் சிலர் நடத்திவருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நீதிமன்ற அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எந்த மனுவை எங்கே கொடுப்பது, எந்தக் கெடு எப்போது முடிகிறது என்பதைச் சொல்வதுதான் அந்த மேசையில் என் வேலை. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தகைய சேவைக்கு யார் பணம் தருவது, எப்படித் தருவது என்றே கேட்டிருந்தன. அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நெசவாளர், அம்மாப்பேட்டை: எங்கள் தெருவிலும் இப்படி ஒரு மேசை போட ஆசைப்படுகிறோம். இடம் இருக்கிறது. ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும், அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று மாலை என்றால், பண்டிகை விடுமுறை போக ஆண்டுக்கு ஏறக்குறைய 150 மாலைகள். நடைமுறை தெரிந்த பெரியவர் ஒருவரும் சட்டம் படித்த இளைஞர் ஒருவரும் உட்கார்ந்து, ஆளுக்கு மாலைக்கு 500 ரூபாய் கொடுத்தால் 1,50,000 ரூபாய். தொலைபேசி, ஜெராக்ஸ், துண்டறிக்கை அச்சு ஆகியவற்றுக்கு மாதம் 3,000 ரூபாய் வைத்தால் 36,000. ஆக, இடம் வாடகையின்றிக் கிடைத்தால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்குள் அடங்கும். இந்தக் கணக்கில் பெரும்பகுதி மனிதரின் நேரத்துக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். மற்றவை எல்லாம் சில்லறைச் செலவுகள்.

ஆனால் நன்கொடை தருபவர்கள் முதலில் கொடுக்க விரும்புவது மேசை, நாற்காலி, மின்விசிறி, பீரோ ஆகியவற்றைத்தான். அவற்றில் பெயர் எழுதலாம், பல ஆண்டுகள் நிற்கும். அதற்கு அடுத்தபடியாக அவர்களுக்குப் பிடித்தது ஒருநாள் முகாம். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, நானூறு ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டால், அத்தனை பேரும் பயனடைந்ததாக எழுதிக்கொள்ள முடிகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று தவறாமல் ஒருவர் வந்து உட்காருவதற்கு மட்டும் பணம் கேட்டுப் பாருங்கள். 'அதைச் சேவையாகச் செய்யலாமே' என்பார்கள். அப்படிச் சேவையாகவே தொடங்கிய இடங்களில் ஐந்தாறு மாதங்களுக்குப் பிறகு கதவு பூட்டிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். சேவை செய்ய வந்தவர்கள் மனம் கெட்டவர்கள் அல்லர். பேருந்துக் கட்டணத்தையும் இழந்த வருமானத்தையும் எத்தனை மாதம்தான் ஒருவர் தாங்குவார்?

தவறாமல் திறந்திருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்குக் கடன் பாக்கி வழக்கு ஒன்றில் சம்மன் வந்தது. அடுத்த சட்ட முகாம் வரும்போது காட்டிக்கொள்ளலாம் என்று அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். சம்மன் கையில் கிடைத்த 30 நாளுக்குள் தம் தரப்புப் பதிலை, அதாவது எதிருரையை, தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தாலும் 90 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. முகாம் வருவதற்குள், அவர் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பை நீக்கக் கோருவதற்கும் 30 நாள்தான். அவர் எங்கள் மேசைக்கு வந்தபோது அதில் 20 நாள் கழிந்திருந்தது. இலவசச் சட்ட உதவிக்கான அரசு அமைப்பாகிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அன்றைக்கே மனு எழுதி, மறுநாள் காலையில் அவரை அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு அனுப்பினோம். இலவச வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு, உரிய நாளுக்குள் மனுத் தாக்கலாகி, தீர்ப்பு நீக்கப்பட்டது. நாங்கள் சொன்னது மிகச் சிறிய தகவல். அதை அந்தப் பத்து நாளுக்குள் சொல்ல ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் விஷயம்.

இனி, யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். ஒரு ரூபாயும் திரட்டுவதற்கு முன், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்கு உங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். கிராமங்களிலும் குடியிருப்புகளிலும் சட்ட உதவி மையங்களை ஏற்படுத்தி, பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்களை மதிப்பூதியத்துடன் அங்கே அமர்த்துவதற்கு 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் வழிசெய்கின்றன. இடம் நீங்கள் தருகிறீர்கள், ஆளை அவர்கள் தரட்டும் என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் கிடைத்தாலும் அது உங்கள் செலவைக் குறைக்கும்.

மீதிக்கு உங்கள் தெருவையே நம்புங்கள் என்பது என் கருத்து. மாதம் 100 ரூபாய் வீதம் 150 குடும்பங்கள் கொடுத்தால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கத் தெரிந்த தெருவுக்கு இது புதிய வேலையன்று. பெரிய நன்கொடையாளர் ஒருவர் மனம் மாறினால் மேசை ஒரே நாளில் நின்றுபோகும். நூற்றைம்பது பேரில் இருபது பேர் விலகினால் மேசை நிற்காது.

நிறுவனங்களையும் கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் சட்டத் தகவல் என்று தனியாக ஒன்று இல்லை. கல்வி, பெண்கள் முன்னேற்றம், பின்தங்கிய பிரிவினரின் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் என்ற தலைப்புகள் இருக்கின்றன. உங்கள் பணி அவற்றில் எதில் பொருந்துகிறது என்பதை விண்ணப்பத்தில் நீங்களே தெளிவாக எழுதிக் காட்ட வேண்டும்.

பள்ளி ஆசிரியை, ஏற்காடு வட்டம்: இலவசச் சட்ட உதவிக்கென்று அரசு ஓர் ஆணைக்குழுவையே வைத்திருக்கும்போது, தனியாக நிதி திரட்டி இன்னொரு சேவை நடத்துவது ஒரே வேலையை இரண்டு முறை செய்வதாகாதா?

நியாயமான கேள்வி. அரசின் ஏற்பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. உலகின் பல நாடுகளில் இவ்வளவு தாராளமான சட்டம் கிடையாது. 1976-இல் நிறைவேறிய அரசமைப்புச் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் 39-அ என்ற உறுப்பைச் சேர்த்து, பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்றது. அதைச் செயல்படுத்த 1987-இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆவது பிரிவு யாருக்கெல்லாம் இலவச வழக்கறிஞர் உண்டு என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இதை உங்கள் மலைக்குப் பொருத்திப் பாருங்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே அவர்களில் ஒவ்வொருவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண், அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், பெண் என்ற ஒரே காரணத்தால் அந்த உரிமை உடையவர். உங்கள் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது?

இலவச வழக்கறிஞரைப் பெறுவதற்கே முதலில் ஒரு தகவல் தேவைப்படுகிறது. அந்தத் தகவலைக் கொடுக்கும் வேலைக்குத்தான் பணம் மிகக் குறைவாக ஒதுக்கப்படுகிறது. குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக முழுநேரமாக வாதாடும் வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டத்துக்கு 2023–24 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு 998.43 கோடி ரூபாய் ஒதுக்கியது. அது மிகவும் வேண்டிய திட்டம். ஆனால் வழக்குக்கு முந்தைய தொலைபேசி ஆலோசனை, கட்டணமின்றி வாதாட முன்வரும் வழக்கறிஞர்களை இணைத்தல், சட்ட அறிவு பரப்புதல் ஆகிய மூன்றையும் சேர்த்து 2021 முதல் 2026 வரை ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 250 கோடி. ஆண்டுக்கு 50 கோடி என்று வைத்து 140 கோடி மக்களுக்கு வகுத்தால், தலைக்கு 40 காசுக்கும் குறைவாகவே வருகிறது.

கேட்காதவருக்கு உதவி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த சுக்தாஸ் வழக்கில், இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை தமக்கு உண்டென்றே தெரியாமல் தண்டனை பெற்றவரின் தண்டனையை 1986-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. எழுத்தறிவற்ற ஏழை தன் உரிமையைத் தானே தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சட்ட உதவியையே பொருளற்றதாக்கிவிடும் என்று நீதிபதி பகவதி அதில் விளக்கினார். சட்ட அறிவைப் பரப்புவது சட்ட உதவி இயக்கத்தின் முதன்மையான பணிகளில் ஒன்று என்றும் எழுதினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பணிக்கான பணம் இன்னும் அந்தச் சொற்களின் அளவுக்கு வளரவில்லை.

தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 15100 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதை உங்கள் வகுப்பறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கையில் ஒரு நோட்டீஸை வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே படிக்க முடியாதவர், தொலைபேசியில் என்னவென்று கேட்பார்? அதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு வந்தால், ஒருநாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகின்றன. சந்தை நாளில் ஏற்காட்டிலேயே ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர்களின் காகிதங்களைப் படித்துச் சொன்னால், அது ஆணைக்குழுவின் வேலையைத் திரும்பச் செய்வதாகாது. ஆணைக்குழுவின் வாசல்வரை மக்களைக் கொண்டுசேர்ப்பதாகும்.

சிறுவணிகர், மேட்டூர்: சட்டமன்ற உறுப்பினர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலிருந்து இதற்குப் பணம் பெற முடியுமா?

அறை கட்டப் பெறலாம். அறையில் உட்காருபவருக்குப் பெற முடியாது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி நிலைத்து நிற்கும் சொத்துகளை உருவாக்குவதற்கானது. சம்பளத்துக்கும் நடப்புச் செலவுக்கும் அதில் இடமில்லை. சட்டமன்ற உறுப்பினர் நிதியிலும் கட்டுமானப் பணிகளே பெரும்பான்மை. பெரிய அளவிலும் இதே போக்கைப் பார்க்கிறோம். 2010 முதல் 2015 வரை நீதித்துறை மேம்பாட்டுக்கென 13-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 5,000 கோடியில், வழக்குகளைச் சமரசமாகத் தீர்க்கும் மாற்றுமுறைத் தீர்வு மையங்களை மாவட்டங்களில் அமைக்கவும் சமரசர் பயிற்சிக்கும் 750 கோடி, சட்ட உதவிக்கு 200 கோடி, மக்கள் நீதிமன்றங்களுக்கு 100 கோடி என்று பிரிக்கப்பட்டிருந்தது.

ஆகவே உங்கள் உறுப்பினரிடம் புதிய கட்டடம் கேட்பதை விட, ஏற்கெனவே இருக்கும் நூலகத்தில் ஒரு மூலையை ஒதுக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நம் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்ந்து வசூலாகிறது. அந்த வரியால் நடக்கும் நூலகத்தில் ஒரு சட்டத் தகவல் அலமாரியும், வாரத்துக்கு ஒரு மாலை அதற்கென்று ஒருவரும் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

வழக்கறிஞர், சேலம்: வழக்கறிஞர் அல்லாதவர்கள் சட்ட ஆலோசனை சொல்வது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்துக்கு முரணாகாதா? இதனால் இளம் வழக்கறிஞர்களின் பிழைப்பும் பாதிக்கப்படுமே?

உங்கள் முதல் கேள்வியை நாங்கள் மேசை போட்ட நாளிலிருந்தே மனத்தில் வைத்திருக்கிறோம். வழக்காடும் தொழில் வழக்கறிஞர்களுக்கே உரியது என்பது மட்டுமன்றி, நீதிமன்றத்துக்கு வெளியே சொல்லும் சட்ட ஆலோசனையும் அந்தத் தொழிலில் அடங்கும் என்று 2018-இல் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதனால் எங்கள் மேசையில் ஓர் எல்லைக்கோடு உண்டு. காசோலை திரும்பினால் வங்கியின் குறிப்பு கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு, அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்வது தகவல். 'உன் வழக்கில் நீ சமாதானமாகப் போவதே நல்லது' என்று சொல்வது ஆலோசனை. அந்த இரண்டாவதை நாங்கள் சொல்வதில்லை. அப்படிக் கேட்பவரை இலவச வழக்கறிஞரிடமோ, வரம்புக்கு மேல் வருமானம் உள்ளவராக இருந்தால் அவர் விரும்பும் வழக்கறிஞரிடமோ அனுப்புகிறோம்.

பிழைப்பைப் பற்றிய உங்கள் கவலையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன், வாய்தாவுக்கு வாய்தா கட்சிக்காரரின் கைச்சில்லறையை நம்பிக் காத்திருந்த இளம் வழக்கறிஞர்களை நன்றாக அறிவேன். ஆனால் எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வழக்கறிஞரை ஒருபோதும் அணுகியிராதவர்கள். சிலருக்குச் சட்டமே வழக்கறிஞரைக் கட்டாயமாக்கவில்லை. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையன்று, நீதிமன்றத்தின் அனுமதியைப் பொறுத்தது. நுகர்வோர் ஆணையத்திலும் பாதிக்கப்பட்டவர் தாமே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. தாமாகவே வந்து நில்லுங்கள் என்று மக்களை அழைக்கும் சட்டம், எப்படி நிற்பது என்று சொல்லித்தர ஒருவரை அமர்த்தவில்லை. அந்த இடைவெளியில்தான் நாங்கள் இருக்கிறோம்.

இன்னொன்றையும் உங்கள் சங்கத்தின் பார்வைக்கு வைக்கிறேன். கனடாவில் தீர்ப்புகளையும் சட்டங்களையும் எவரும் இலவசமாகப் படிக்கும் கான்லி என்ற இணையச் சேவையை, அந்நாட்டு வழக்கறிஞர் மன்றங்கள் தங்கள் உறுப்பினர்களின் கட்டணத்திலிருந்தே நடத்துகின்றன. அமெரிக்காவில், கட்சிக்காரர்களுக்காக வழக்கறிஞர்கள் குறுகிய காலம் வைத்திருக்கும் பணத்தின் வட்டியைச் சட்ட உதவிக்குத் திருப்பும் முறை 1981-இல் ஃபுளோரிடாவில் தொடங்கி நாடெங்கும் பரவியது. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் கணக்கில் வராத சிறு வட்டி அது. சேர்ந்தபோது பெரும் நிதியாயிற்று. நம் நாட்டிலும் இந்த எண்ணம் அறியாத ஒன்றன்று: உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பித் தர முடியாத வரித் தொகைகளைக் கொண்டு நடக்கும் நுகர்வோர் நல நிதி 1992 முதல் இருக்கிறது. சட்டத் தகவலுக்கு அப்படி ஒரு நிதி வேண்டும் என்ற கோரிக்கை வழக்கறிஞர்களிடமிருந்து எழுந்தால் அதற்கு வேறு எவருடைய குரலுக்கும் இல்லாத வலு இருக்கும். இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெரும்பாலான குடும்ப வழக்குகளை அரசின் சட்ட உதவியிலிருந்து நீக்கியபின், வழக்கறிஞரின்றித் தாமே வாதாடுவோர் பெருகி நீதிமன்றங்கள் திணறின. மக்கள் ஒன்றும் தெரியாமல் வந்து நின்றால் எல்லோருடைய வாய்தாவும் நீளும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

வாசகி, ஓமலூர்: இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பார்கள். வருகிறவர்களிடம் ஆளுக்கு 50 ரூபாய் வாங்கினால் என்ன?

நாங்களும் ஒரு காலத்தில் 20 ரூபாய் வாங்கிப் பார்த்தோம், அம்மா. முதல் வாரத்திலேயே ஒரு பெண் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் சுருக்குப்பையில் பேருந்துக்கு மட்டுமே பணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கணவர் பிரிந்துபோய், குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தவர் அவர். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார் என்பதால் எங்களுக்குத் தெரிந்தது. அப்படி வராமலே போனவர்களை யார் கணக்கெடுப்பது? அன்றோடு அதை நிறுத்திவிட்டோம். ஒரு காகிதத்தைக்கூடக் கட்டணமின்றிப் படித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், முதல் கேள்வியாகப் பணம் வரக் கூடாது என்பதில் இன்று எனக்கு ஐயமில்லை. உதவி பெற்றவர்களில் சிலர் பின்னாளில் தாமாகவே வந்து மாதச் சந்தாவில் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருவர்.

ஆத்தூரைச் சேர்ந்த வாசகர், இப்போது சிங்கப்பூரில்: இத்தகைய பணிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர விரும்புகிறேன். சட்டப்படி எப்படித் தருவது? அது நல்லபடியாகச் செலவாகிறதா என்று எப்படி அறிவது?

நீங்கள் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே நீங்கள் தருவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டீர்கள் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, அதுவும் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கின் வழியாக மட்டுமே, அதைப் பெறலாம். எங்களைப் போன்ற சிறு மேசைகளுக்கு அந்தப் பதிவு இல்லை. ஆகவே அனுப்புவதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தியாவில் வரி கட்டுபவராக இருந்தால், நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு (1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80-ஜி) அமைப்புக்கு உள்ளதா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடைக்காது.

மாவட்டச் சட்ட உதவி நிதிக்கே நேரடியாகத் தருவதும் நல்ல வழி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 15 முதல் 17 வரையிலான பிரிவுகள், அரசு மானியத்தோடு தனியார் நன்கொடையையும், நீதிமன்ற உத்தரவின்படி வரும் தொகைகளையும் மத்திய, மாநில, மாவட்ட நிதிகளில் சேர்க்க இடம் தருகின்றன. வழக்கில் செலவுத் தொகை விதிக்கும் நீதிபதிகள் அதைச் சில வேளைகளில் இந்த நிதிக்குக் கட்டச் சொல்வதை நானே பல உத்தரவுகளில் பார்த்திருக்கிறேன்.

நல்லபடியாகச் செலவாகிறதா என்பதற்கு, எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் எல்லோரையும் முகாமின் பக்கம் தள்ளுகிறது. கடந்த ஆண்டில் மேசை எத்தனை மாலைகள் திறந்திருந்தது, திறக்க வேண்டிய எத்தனை மாலைகள் திறக்காமல் போயின என்று கேளுங்கள். வந்தவர்களில் எத்தனை பேர் கெடு முடிவதற்கு முன் வந்தார்கள், ஆணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு வழக்கறிஞர் கிடைத்தார் என்று கேளுங்கள். சுவரிலும் துண்டறிக்கையிலும் உள்ள சட்டங்கள் கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டன என்பதைக் கேட்க மறக்க வேண்டாம். தொகையைப் பொறுத்தவரை, ஒரே ஆண்டில் ஒரு லட்சம் தருவதை விட ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு இருபதாயிரம் தருவதாக எழுதிக் கொடுப்பது எங்களுக்குப் பெரிய உதவி. அடுத்த ஆண்டும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் ஒரு நல்ல ஆளை அமர்த்த முடியும்.

சட்டக் கல்லூரி மாணவர், சேலம்: சட்டங்களும் தீர்ப்புகளும் இன்று கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. இனி மனிதர் உட்காரும் மேசைக்குப் பணம் திரட்டத்தான் வேண்டுமா? என்னிடம் பணம் இல்லை. வேறு ஏதாவது செய்ய முடியுமா?

வந்திருக்கும் வசதிகளை நான் நன்றியோடு பயன்படுத்துகிறேன், தம்பி. வழக்கின் அடுத்த வாய்தாவை அறிய முன்பெல்லாம் ஒருவர் ஆத்தூரிலிருந்து பேருந்து ஏறி வர வேண்டியிருந்தது. இன்று இ-கோர்ட்ஸ் செயலியில் எண்ணைத் தட்டினால் தெரிகிறது. ஒரு தனிமனிதர் 2008-இல் தொடங்கிய இந்தியன் கானூன் தளத்தில் எவரும் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க முடிகிறது. 2023 முதல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. ஆனால் இவை இலவசமாகக் கிடைப்பதால் இவற்றுக்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது; எங்கோ ஒருவர் அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

மேலும், எங்களிடம் வருகிறவர்கள் கேள்வியோடு வருவதில்லை. ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்ப்பார்கள். அதில் பத்திர நகல் இருக்கும், பட்டா இருக்கும், கூட்டுறவுக் கடன் ரசீது இருக்கும், எப்போதோ வந்த ஒரு நோட்டீஸும் இருக்கும். அவற்றில் எது அவசரம் என்று பிரித்து எடுப்பதுதான் முதல் வேலை. விபத்தில் காலை இழந்த ஒருவரின் பையில் மருத்துவமனைக் காகிதங்கள் மட்டுமே இருந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்று நாங்கள் கேட்டோம். எழுதப்படாத கேள்விக்குச் செயலி பதில் சொல்லுமா?

நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது; அதற்குப் பணம் வேண்டாம், படிப்பும் பொறுமையும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய்ப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சம் கோரும் 125-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144-ஆவது பிரிவு. முதல் தகவல் அறிக்கைக்கான 154 இப்போது 173. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஏழைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தரும் 304 இப்போது 341. தண்டனைச் சட்டத்தில் கணவர் அல்லது அவர் வீட்டாரின் கொடுமைக்கான 498-அ, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவாகிவிட்டது. அச்சிட்டவர்கள் பெருந்தன்மையோடு அச்சிட்ட துண்டறிக்கைகள் மாவட்டமெங்கும் இன்னும் பழைய எண்களோடு கிடக்கின்றன. அச்சடிக்க நன்கொடை கிடைத்தது. திருத்துவதற்கு யாரும் தரவில்லை.

எங்கள் அலமாரியில் அப்படிப்பட்ட துண்டறிக்கைகள் ஏழு கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்து, பிரிவு எண்ணைச் சரிபார்த்து, வழக்குமன்றத் தமிழைப் பேசும் தமிழுக்குப் பக்கமாகக் கொண்டுவந்து, அடியில் சரிபார்த்த தேதியை எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குப் படிப்பகத்துக்கு வாருங்கள். உங்கள் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரை அழைத்து வந்தால், ஜீவனாம்சக் கட்டிலிருந்து தொடங்கலாம்.